குளிகையும் கீழ்ப்படிவும்

உளநோயுற்றோர் மருந்தை இடைநடுவில் நிறுத்திவிடுகின்றனர் என்பது வைத்தியர், தாதியர், பெற்றோர் ஆகிய முத்திறத்தாரும் ஒரே குரலிற் கூறும் முறைப்பாடாகும். முறைப்பாடு பொய்யன்று. ஆயின், அதற்கு அவர்கள் காட்டும் காரணம் ஆராயப்படவேண்டியது. 'தனக்கு நோய் என்பதை அவன் உணரவில்லை. ஆதலால் மருந்தை விட்டான்' என்பதே அக்காரணம். இவ்வொரு வசனம் கூறப்பட்டதும் உரையாடல் முடிந்துவிடுகின்றது. ஏன் விட்டாய் என்று அவனிடமே கேட்கவேண்டிய தேவை அதன்பின் எவருக்கும் இருப்பதில்லை. விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டதல்லவா? நோயாளியின் வாயை அடைப்பதற்கு இதனினும் வசதியான சூத்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சைக்கோசிஸ் எனப்படும் உளப்பிறழ்வு பெரும்பாலும் 18 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையிலேயே முதன்முதலாகத் தலைகாட்டுகின்றது. பிறர் செவியில் விழாத குரல்கள் கேட்டல், தெருவிற் போவோர் யாவரும் தன்னையே நோட்டமிடுகின்றனர் என்ற அசையாத நம்பிக்கை, சிந்தனை அறுந்து சிதறுதல் என்பன இதன் குறிகள். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த வயது. பல்கலைக்கழக விடுதியில் அறை கிடைத்த வயது. முதற் சம்பளம் வாங்கும் வயது. இவ்வயதினர் ஒருவரிடம் 'இக்குளிகையை நாள்தோறும் போடவேண்டும், எத்தனை வருடமென்று இப்போது கூறமுடியாது' என்று சொல்லப்படும்போது அது எவ்வாறு கேட்கும் என்பதை முறைப்பாடு செய்வோர் ஒரு கணமேனும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

மருந்தை விடுவோர் ஒரு சிறு முரட்டுக் கூட்டத்தினர் அல்லர். அமெரிக்காவில் நடைபெற்று 2005இல் வெளியிடப்பட்ட 'கேற்றி' ஆய்வில், நெடுங்கால உளப்பிளவை நோயாளர் 1,493 பேர் சேர்க்கப்பட்டனர். 18 மாதங்கள் நிறைவதற்குள் 74 வீதமானோர் தமக்கு ஒதுக்கப்பட்ட மருந்தை நிறுத்தியிருந்தனர். காரணங்களுள் முதலிடம் பெற்றது நோயாளியின் சொந்த முடிவே. மருந்து பலனளிக்காமையும் பக்கவிளைவைத் தாங்கவியலாமையும் அதற்குப் பின்னரே வந்தன. நோய் முதன்முறையாகத் தோன்றியோரை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரவேலிலும் 498 பேரிடை நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஓராண்டுக்குள் ஹலோபெரிடோலை நிறுத்தியோர் 72 வீதம். ஒலன்சபீனை நிறுத்தியோர் 33 வீதம். இங்கே 'நிறுத்துதல்' என்பது ஒதுக்கப்பட்ட அம்மருந்தை நிறுத்துதலையே குறிக்கும். சிலர் வேறு மருந்துக்கு மாறினர், சில வேளைகளில் முடிவெடுத்தவர் வைத்தியர். அவ்வாறாயினும், ஒரே நோய், ஒரே கட்டம், ஒரே ஆய்வு. மருந்து மாறியதும் வீதம் இரு மடங்குக்கு மேலாக மாறுகின்றது. நோயுணர்வின்மை ஒன்றே காரணமாயின், குளிகையின் பெயரைக் கண்டு அது கூடிக்குறையுமா?

நோயுணர்வு என்ற சொல்லின் வரலாறும் சுவையானது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தும் அதனை அறியாதிருக்கும் நோயாளரைக் குறிக்க 1914இல் பிரெஞ்சு நரம்பியலாளர் பபின்ஸ்கி ஒரு சொல்லை ஆக்கினார். மூளையின் ஒரு பாகம் சிதைந்ததால் விளையும் அறியாமை அது. அச்சொல் பிற்காலத்தில் உளமருத்துவத்துக்கு இரவல் பெறப்பட்டது. இரவல் வாங்கியோர் அதனோடு ஒரு துணிபையும் சேர்த்து வாங்கிக்கொண்டனர்: மருந்தை மறுப்பவன் வாதாடவில்லை, அவனது மூளையே மறுக்கின்றது என்பது அது. 1990இல் அந்தனி டேவிட் என்னும் பிரித்தானிய உளமருத்துவர் நோயுணர்வை மூன்று கூறுகளாகப் பிரித்தார். தனக்கு உளநோய் உண்டென ஏற்றல் ஒன்று. தனது விசித்திர அனுபவங்களை நோயின் விளைவென இனங்காணல் மற்றொன்று. மூன்றாவது, சிகிச்சைக்கு இணங்கல். மூன்றாவது கூறை வாசகர் சற்று நின்று நோக்குதல் நன்று. மருந்து போடுதல் நோயுணர்வின் ஓர் அங்கமென வரைவிலக்கணம் செய்துவிட்டு, மருந்து போடாமைக்குக் காரணம் நோயுணர்வின்மை என்று கூறின், அது விளக்கமாகாது. மழை பெய்யாமைக்குக் காரணம் மழையின்மை என்பதற்கு ஒப்பான கூற்று அது. டேவிட் இதனை மூன்று தனித்தனி அளவுகளாகவே கருதினார் என்பது உண்மை. ஒன்று இருக்க மற்றொன்று இல்லாதிருக்கலாம் என்பதே அவர் காட்டிய வழி. வைத்தியசாலை விடுதியில் அந்நுட்பம் தேய்ந்து, 'உணர்வில்லை' என்ற ஒற்றைக் குறிப்பு மாத்திரம் எஞ்சிற்று.

நோயை நன்குணர்ந்தும் மருந்தை விடுவோர் எத்துணைப் பேர் என்பதற்கு உளநோயாளரிடம் போகவேண்டியதில்லை. சீனி வருத்தக்காரரையும் பிறசர் உள்ளோரையும் பார்த்தாற் போதும். செல்வந்த நாடுகளிலேயே நெடுங்கால நோய்களுக்கான மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர் சராசரியாக 50 வீதத்தினரே என உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிக்கையிட்டது. தலைச்சுற்று வராத கிழமைகளில் பிறசர்க் குளிகையை மறந்துவிடும் தந்தையாரை எவரும் மூளை சிதைந்தவர் என்பதில்லை. 'மனிசன் சொல் கேளாது' என்று வீட்டார் சலித்துக்கொள்வர், அவ்வளவே. அதே தந்தையாரின் மகன் தனது குளிகையை விடுவானாயின் அது நோயின் குறியாகிவிடுகின்றது. ஒரே செயல் தந்தையிடத்துக் குணமாகவும் மகனிடத்து நோயாகவும் எண்ணப்படுவதன் நியாயம் எங்குளது?

இனி, அம்மகன் விழுங்கும் பொருள் யாது என்பதையும் நோக்கவேண்டும். குளோர்ப்புறோமசீன் 1950இல் பிரான்சில் ஆக்கப்பட்டு 1952இல் பாரிஸ் சென்ற் ஆன் வைத்தியசாலையில் உளநோயாளருக்குக் கொடுக்கப்பட்ட நாள்முதல், இவ்வகை மருந்துகள் ஏறக்குறைய யாவும் மூளையில் டோபமின் என்னும் பதார்த்தத்தின் வழியை அடைப்பனவாகவே இருந்துவந்துள்ளன. டோபமின் செய்யும் பணிகளுள் ஒன்று, ஒரு பொருளை 'இது கவனிக்கத்தக்கது, இது வேண்டும்' என்று மனத்துக்கு எடுத்துக்காட்டுதல். உளப்பிறழ்வில் அது கட்டுமீறி, வீதியில் நிற்கும் வாகனத்தின் இலக்கமும் அயலவர் இருமலும் பொருள் பொதிந்த சைகைகளாகத் தோன்றுகின்றன என்று ஷிதிஜ் கபூர் 2003இல் விளக்கினார். மருந்து, பொய்நம்பிக்கையை அழிப்பதில்லை. அதன் அழுத்தத்தைத் தணிக்கின்றது. குரல் ஒலிக்கும், ஆயின் முன்போல் உறுத்தாது. நெருப்பு அணைவது போலன்றி வெக்கை தணிவது போன்றது இது.

இங்கேதான் இடர் பிறக்கின்றது. தணிக்கப்படும் வேட்கை நோயினது மாத்திரமன்று. கிரிக்கெட் ஆட்டத்தில், பாட்டில், காதலில், நாளைய பாடத்தில் மனம் பற்றுவதும் அதே வழியாலேதான். 'குரல் போய்விட்டது, ஆனால் நானும் போய்விட்டேன்' என்ற பொருள்பட நோயாளர் பலர் பலவாறு கூறுவது கவிதையன்று. மருந்தின் வேலையைப் பற்றிய துல்லியமான அறிக்கை. இதனைச் செவிமடுக்கும் வைத்தியர், நோயின் எஞ்சிய மந்தம் என்று குறித்துக்கொள்ளவும் இடமுண்டு. அம்மந்தம் நோயாலும் வரும், மருந்தாலும் வரும். எது எதனால் என்று பிரித்தறிய ஒரே வழி, அளவைக் குறைத்துப் பார்த்தலும் ஆளைக் கேட்டலுமே.

உடலுக்கு வரும் துன்பங்கள் வேறு. இருப்புக்கொள்ளாமை அவற்றுட் கொடியது: கால்கள் தாமாக நடக்கத் துடிக்கும், இருந்தால் எழவேண்டும், எழுந்தால் இருக்கவேண்டும், வெளியிலிருந்து பார்ப்போர் நோய் முற்றிவிட்டதென்று மருந்தைக் கூட்டக் கேட்பர், கூட்டினால் துடிப்பும் கூடும். ஹலோபெரிடோல் போன்றவற்றால் முதற் சில நாட்களிலேயே கழுத்துத் திருகி, தாடை இறுகி, கண்விழி மேலேறி நிற்பதுண்டு. பென்ஸ்ஹெக்சோல் போன்ற மாற்றுமருந்து கொடுத்தால் அது நீங்கும். ஆயினும், இப்படி நேரலாமென்று முன்னர் சொல்லப்படாத குடும்பம் அதனைப் பேயின் வேலையென்றோ நஞ்சென்றோ நம்புமாயின் குற்றம் யாருடையது? ஒலன்சபீன் அவ்வாறு திருகுவதில்லை. அது பசியைக் கிளப்பும். முதன்முறை நோயுற்றோர் ஈராண்டுகளில் 15 கிலோகிராம் வரை எடைகூடியமை ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. இருபது வயதில் தன் சட்டைகள் ஒன்றும் தனக்குப் பொருந்தாத நிலை ஓர் 'அழகுப் பிரச்சினை' என்று ஒதுக்கத்தக்கதா?

இத்தனைக்கும், முதன்முறை நோயுற்றோருக்குச் சிறிய அளவே பெரும்பாலும் போதுமானது. நாளொன்றுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் ஹலோபெரிடோல் கொடுத்து 2000இல் செய்யப்பட்ட ஆய்வொன்றில், டோபமின் ஏற்பிகளில் 65 வீதம் அடைபட்டபோதே பலன் தெரியத் தொடங்கிற்று. 78 வீதத்தைத் தாண்டியபோது விறைப்பும் நடுக்கமும் வந்தன. இரண்டுக்குமிடையே உள்ள வெளி ஒடுங்கியது. அவ்வொடுங்கிய வெளியைத் தேடிப் பிடிக்கும் பொறுமை கிளினிக்கில் இல்லாதபோது, நோயாளி தானே அளவைக் குறைத்துப் பார்க்கின்றான். பிறர் செய்திருக்கவேண்டிய வேலையை அவன் அறிவின்றித் தனியே செய்கின்றான்.

பெண்கள் நிலை பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகின்றது. ஹலோபெரிடோல், றிஸ்பெரிடோன் முதலியன புறொலக்ரின் என்னும் சுரப்பைக் கூட்டுவதால் மாதவிடாய் நின்றுபோதலும் பிள்ளை பெறாத மார்பிற் பால் சுரத்தலும் நிகழக்கூடும். மணமாகாத பெண்ணொருத்திக்கு இவை நேர்ந்தால் அவள் யாரிடம் சொல்வாள்? ஆண் வைத்தியர் முன்னும், அருகில் நிற்கும் தமையன் முன்னும் சொல்வாளா? கேட்கப்படாத கேள்விக்கு அவள் தரும் விடை குளிகையை நிறுத்துவதே. ஆண்களின் பாலியற் குறைபாடும் இவ்வாறே கேட்கப்படாமலும் சொல்லப்படாமலும் போகின்றது. பின்னர் கலியாணப் பேச்சு வருகின்றது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று பெற்றோரே மருந்துப் பையை மறைக்கின்றனர். புகுந்த வீட்டில் குளிகை போட இடமுமில்லை, விளக்கமுமில்லை. 'விசர்' என்ற சொல்லும் அங்கொடை என்ற ஊர்ப்பெயரும் வசைகளாக வழங்கும் நாட்டில், நாள்தோறும் விழுங்கப்படும் ஒரு குளிகை நாள்தோறும் உச்சரிக்கப்படும் அவ்வசைக்குச் சமம். அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவனமெனப் பெயர் மாற்றப்பட்ட பின்னரும் வசை பழைய பெயரிலேயே நடமாடுகின்றது.

மருந்தின் கால அட்டவணையும் நோயாளிக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றது. துன்பம் போட்ட அன்றே தெரியும். பயன், ஒன்றும் நிகழாமை என்ற வடிவிலேயே வரும். நிறுத்தியதும் சில நாட்களில் சோர்வு விலகும், பாட்டு இனிக்கும். நோய் திரும்புவதோ பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கழித்து. எனவே அனுபவம் அவனுக்குப் புகட்டும் பாடம் தெளிவானது: மருந்து நிறுத்தினேன், நலமானேன். இது பிழையான பாடம். ஆயின் மூடத்தனமான பாடமன்று. கண்ணாற் கண்டதைக்கொண்டு எவரும் வந்தடையும் முடிவே. காய்ச்சல் விட்டால் குளிகையும் விடும் என்பது ஊர் வழக்கு. நோயை வந்து போகும் ஒன்றாகக் கருதும் அவ்வழக்கு முற்றிலும் இகழத்தக்கதன்று. இலங்கையில் முதன்முறை அனுமதிக்கப்பட்ட உளப்பிளவை நோயாளரை ஐந்தாண்டுகளின் பின் ஆராய்ந்து 1979இல் எழுதிய நான்சி வக்ஸ்லர், அவர்களது நிலை மேலைநாடுகளிற் காணப்பட்டதினும் நன்றாயிருந்ததெனக் கண்டு, நோயை ஆளின் இயல்பென முத்திரை குத்தாத சமூகப் போக்கே அதற்கொரு காரணமென வாதிட்டார்.

கீழ்ப்படியாதவனுக்கு வீட்டார் கண்ட மாற்றுவழி, குளிகையைப் பொடிசெய்து தேநீரிலோ சோற்றிலோ கலந்து கொடுத்தல். அன்பினாலேயே செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், தன் உணவில் எதையோ கலக்கிறார்கள் என்பதே அவ்விளைஞனின் பொய்நம்பிக்கையாக இருந்ததெனக் கொள்க. இப்போது அது பொய்யன்று. ஒருநாள் கோப்பையின் அடியில் வெண்பொடியை அவன் காணும்போது, மெய்யெது மாயமெதுவென்று பிரித்தறிய அவன் நம்பியிருந்த கடைசி மனிதரும் பொய்யராகிவிடுகின்றார். அதன்பின் எந்தக் கையிலிருந்து அவன் குளிகை வாங்குவான்?

இவ்வாறு கூறுவதை மருந்து வேண்டாமென்ற பிரசாரமாகக் கொள்வோரும் உளர். அவ்வாறு கொண்டு மகிழ்வோரும் உளர். இரு சாராரும் தவறுகின்றனர். நியூயோர்க்கில் முதன்முறை நோயுற்ற 104 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குள் 82 வீதமானோருக்கு நோய் திரும்பிற்று. மருந்தை விட்டமை அவ்வபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கிற்று. ஹொங்கொங்கில், ஓராண்டேனும் மருந்துண்டு நலமாயிருந்த 178 பேரில் ஒரு பகுதியினருக்கு மேலும் ஓராண்டு குவெற்றியபீனும் மறுபகுதியினருக்கு வெற்றுக் குளிகையும் கொடுக்கப்பட்டன. பத்தாண்டுகளின் பின் 2018இல் வெளியான முடிவின்படி, வெற்றுக் குளிகை பெற்றோரில் 39 வீதமானோரும் மருந்து பெற்றோரில் 21 வீதமானோரும் தீய விளைவுக்கு ஆளாகியிருந்தனர். இதற்கு மறுதலையாக நெதர்லாந்தில், மருந்தைக் குறைத்து இயலுமாயின் நிறுத்தும் வழியிற் சென்றோரில் ஏழாண்டுகளின் பின் 40 வீதமானோர் முழுநலம் எய்தியிருந்தனர்; தொடர்ந்து மருந்துண்ணும் வழியில் வந்தோரில் 18 வீதத்தினரே. 2013இல் இது வெளியானதும் ஒரு சாரார் கொடியேற்றினர். அந்நெதர்லாந்து ஆய்விலேயே முதல் 18 மாதங்களில் குறைத்தோரிடை 43 வீதமானோருக்கும் தொடர்ந்தோரிடை 21 வீதமானோருக்கும் நோய் திரும்பிற்று என்பதை அவர்கள் உரக்கச் சொல்லவில்லை. மறு சாராரோ ஹொங்கொங் முடிவை மாத்திரமே சுவரில் ஒட்டுகின்றனர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனின், மருந்தின்றியும் நலமாயிருக்கக்கூடிய ஒரு சிறுபான்மையினர் உளர், அவர் யாரென்று முன்கூட்டி அறியும் சோதனை இல்லை என்பதே. மருந்தை விடும் இளைஞன் தான் அச்சிறுபான்மையைச் சேர்ந்தவன் என்று பந்தயம் கட்டுகின்றான். தோற்றால் படிப்பும் வேலையும் நட்பும், சில வேளை உயிரும் போகும். அப்பந்தயத்தின் கணக்கு அவனுக்குச் சொல்லப்படவில்லை என்பதே இங்கு வைக்கப்படும் குற்றச்சாட்டு. 'நிறுத்தக்கூடாது' என்று சொல்லப்பட்டது. எப்போது, எவ்வளவு மெதுவாக, யார் கண்காணிக்க, எந்த அறிகுறி கண்டதும் திரும்பவேண்டும் என்று சொல்லப்படவில்லை. நிறுத்துதல் பற்றிப் பேசுதலே தடைசெய்யப்பட்டதனால் அது இரகசியமாகவும் திடீரெனவும் ஒருசேரவும் நடைபெறுகின்றது; அதாவது, நடைபெறக்கூடிய வழிகளுள் மிக மோசமான வழியில்.

இத்தடை எத்தூரம் சென்றுள்ளது என்பதற்குத் திரைப்படமொன்றே சான்று. கணிதமேதை ஜோன் நாஷ் 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 1970இன் பின் மருந்து உட்கொள்ளாதவர். அவரது வாழ்வைச் சித்திரித்து 2001இல் வந்த 'எ பியூட்டிபுல் மைன்ட்' படத்தில் வரும் முதிய நாஷ், புதிய மருந்துகளை உட்கொள்வதாகக் கூறுகின்றார். நோயாளர் பார்த்துக் கெட்டுவிடக்கூடாதென்ற நல்லெண்ணமே அதற்குக் காரணமெனக் கொள்வோம். நாஷ் ஒருவரைக்கொண்டு எதையும் நிறுவமுடியாது என்பதும் மெய்யே. ஆயினும் உயிரோடிருந்த ஒருவரின் வாயில் அவர் செய்யாததை வைத்தே நோயாளருக்கு நன்மை செய்யவேண்டுமென்ற எண்ணம், தேநீரிற் கலக்கும் பொடிக்குச் சகோதரம்.

மறுபுறத்தில் எலின் சாக்ஸ் இருக்கின்றார். உளப்பிளவை நோயோடு ஒக்ஸ்போர்ட்டிலும் யேல் சட்டக் கல்லூரியிலும் பயின்று சட்டப் பேராசிரியரானவர். மருந்து குறையக் குறையத் தான் குறைபாடு குறைந்தவள் என்று நம்பிப் பலமுறை அதனை விட்டதையும் ஒவ்வொரு முறையும் நோய் அவரை வீழ்த்தியதையும் 2007இல் வெளியிட்ட தன் நூலில் அவர் மறைக்காது எழுதினார். இறுதியில் குளோசபீனை ஏற்றுக்கொண்டார். அவரை அவ்விடத்துக்குக் கொண்டுவந்தது கட்டாயமன்று. அவர் கட்டாய சிகிச்சையை எதிர்த்து எழுதியவர். விட்டபோதும் அவரைக் கைவிடாத மருத்துவரும் நண்பரும் இருந்தனர், அவரும் தன் பரிசோதனைகளை அவர்களிடம் சொல்லக்கூடியவராயிருந்தார்.

அத்தகைய இடம் இந்நாட்டுக் கிளினிக்கில் உண்டா? மருந்து இலவசம், அது சிறிய காரியமன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளே மருந்துத் தட்டுப்பாட்டால் தத்தளித்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அவ்வாண்டு மருந்து கிடைக்காது இடைநிறுத்தியவர்களை எவரும் நோயுணர்வற்றோர் என்று குறிக்கவில்லை. ஆனால் கிளினிக் நாளில் வாங்கில் நெருக்கியிருந்து, காலை ஆறு மணிக்கு எடுத்த இலக்கத்துக்குப் பத்தரைக்கு முறை வர, உள்ளே சென்றவனிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: "மருந்து ஒழுங்கா எடுக்கிறீரா?" பின்னால் நிற்கும் தாய் முந்திக்கொள்கிறாள்: "ஓம் ஐயா, எடுக்கிறான்." கொப்பியில் அதே மருந்து, அதே அளவு, அடுத்த மாதத் திகதி.

'போன மாதம் எத்தனை நாள் போடாமல் விட்டீர், விட்ட நாள் எப்படி இருந்தது?' என்று கேட்பதற்கு ஆகும் நேரம் அதனினும் சில விநாடிகளே கூட. அவ்வாறு கேட்கப்பட்டிருப்பின், வீட்டு அலுமாரியில் உடுப்புகளின் கீழ், தாய்க்கும் தெரியாமல், பிரிக்கப்படாத மூன்று மாதக் குளிகைப் பக்கற்றுகள் இருப்பதை அவன் அன்றைக்கே சொல்லியிருக்கவும் கூடும்.